பாலியில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு

பாலிக்கு ஒரு வாரம் போய் வருகிறவருக்கு எல்லாவற்றையும் ஹோட்டல்காரர் பார்த்துக்கொள்வார். இரண்டு மூன்று மாதம் வீடெடுத்துத் தங்குகிறவருக்கு அப்படி இல்லை. நடு இரவில் கரண்ட் மீட்டர் கத்தும். சமைத்துக்கொண்டிருக்கும்போது கேஸ் தீரும். விசா நாள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கடற்கரை, வயல், எரிமலை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பதிவு மற்றதற்கு: தாள், மின்சாரம், தண்ணீர், வண்டி, நாய், அக்கம்பக்கம்.

நாள் கணக்கு

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் இறங்கியதும் விசா வாங்கலாம். கிளம்பும் முன்பே ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். கட்டணம் 5 லட்சம் ரூபியா. 30 நாள் தங்கலாம். இன்னொரு 5 லட்சம் கட்டி ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம். ஆனால் அந்த இலவச நுழைவை நீட்டிக்க முடியாது. ஆறு வாரம் இருக்கப் போகும் சிங்கப்பூர்க்காரர், இலவசமாகக் கிடைக்கிறதே என்று உள்ளே வந்துவிட்டால் நடுவில் ஒருமுறை நாட்டை விட்டு வெளியே போய் வர வேண்டியிருக்கும். அவர் முதலிலேயே காசு கட்டி விசா எடுப்பதுதான் சரி.

கணக்கில் தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. இறங்கிய நாள்தான் முதல் நாள். இரவு 11.50க்கு முத்திரை விழுந்தாலும் அந்தப் பத்து நிமிடம் ஒரு முழு நாள். ஜூன் 1 அன்று வந்தவர் ஜூன் 30க்குள் கிளம்ப வேண்டும், ஜூலை 1 அல்ல. நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானங்களில் இது அடிக்கடி சறுக்கும், ஏனென்றால் டிக்கெட்டில் இருக்கும் தேதியை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் 10 லட்சம் ரூபியா. 60 நாளைத் தாண்டினால் அபராதத்தோடு முடியாது, நாடு கடத்தலும் மறுநுழைவுத் தடையும் வரும்.

நீட்டிக்க ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, புகைப்படத்துக்காக அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். 2025 மே மாத இறுதியிலிருந்து இதுதான் நடைமுறை. பாலியில் தென்பசார், நுரா ராய், சிங்கராஜா என்று மூன்று குடிநுழைவு அலுவலகங்கள். நீங்கள் தங்கியிருக்கும் பகுதிக்கு உரியதில்தான் வேலை நடக்கும். முடிவுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். நடுவில் ஒரு பண்டிகை விழுந்தால் அந்த இரண்டு வாரத்தில் பாதிதான் வேலை நாளாக மிஞ்சும்.

முதலிலேயே இரண்டு மாதத்துக்கு மேல் என்று தெரிந்தால் இந்த 30 நாள் விசாவை நம்பி வர வேண்டாம். சி1 என்ற சுற்றுலா விசா 60 நாளுக்குக் கிடைக்கும், இருமுறை 60 நாளாக நீட்டித்து மொத்தம் 180 நாள் இருக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்தே கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு 2024இல் வந்த இ33ஜி என்ற ஓராண்டு அனுமதி உண்டு. அதற்கு ஆண்டு வருமானம் 60,000 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும். 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் இந்தோனேசியாவில் இருந்தால் வரி விஷயத்தில் நீங்கள் அந்த நாட்டுக்காரர் ஆகிவிடுவீர்கள். இதை ஏழாவது மாதத்தில் விசாரிப்பதைவிட முதல் மாதத்திலேயே ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டு வைப்பது மேல்.

சுற்றுலா விசாவில் வேலை கூடாது என்பதை எல்லாரும் படிக்கிறார்கள், "காசு வாங்கினால்தானே வேலை" என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. யோகா வகுப்பு எடுப்பது, கல்யாணப் போட்டோ எடுப்பது, நண்பரின் கடையில் கல்லாவில் உட்காருவது எல்லாம் வேலைதான். காசு கைமாறவில்லை என்பது பதில் ஆகாது. இப்படி மாட்டி நாடு கடத்தப்பட்டவர்கள் பலர்.

இறங்கும் முன் செய்ய வேண்டிய இரண்டு: 'ஆல் இந்தோனேசியா' என்ற வருகைப் படிவத்தை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் போலி. இரண்டாவது, பாலி மாகாணத்தின் சுற்றுலா வரி 1.5 லட்சம் ரூபியா. 2024 பிப்ரவரி 14 முதல் இருக்கிறது. விசாக் கட்டணத்தில் இது அடங்காது. பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. ஓரம் கிழிந்ததோ தண்ணீர் பட்டு உப்பியதோ இருந்தால் விமான நிறுவனமே கிளம்பும் ஊரில் ஏற்ற மறுக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

கைபேசி, காசு

வெளிநாட்டில் வாங்கிய கைபேசியில் இந்தோனேசிய சிம் போட்டால், அதன் ஐஎம்இஐ எண் (கருவியின் அடையாள எண்) பதிவாகாவிட்டால் இணைப்பு நின்றுவிடும். சுற்றுலாப் பயணிக்கான சிம் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கினால் 90 நாள் வரை ஓடும். அதற்கு மேல் இருப்பவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் சுங்க மேசையில் பதிவு செய்துவிட வேண்டும். அங்கே 500 டாலர் மதிப்பு வரை வரி விலக்கு உண்டு. பிறகு சுங்க அலுவலகத்துக்குப் போய்ச் செய்தால் அந்த விலக்கு கிடையாது. ஓர் ஆளுக்கு இரண்டு கருவிதான். வைஃபைக்கும் ரோமிங்கிற்கும் இந்தத் தொல்லை இல்லை.

காசில் முதல் வாரக் குழப்பம் சுழியங்களால் வரும். 'ரிபு' ஆயிரம், 'ஜுத்தா' பத்து லட்சம். லட்சத்திலும் கோடியிலும் கணக்குப் போட்டுப் பழகிய நமக்கு ஜுத்தா ஒரு லட்சம் என்று மனது தானாக நினைக்கும், அங்கேதான் பத்து மடங்கு தப்பு வரும். அங்கே ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்துக்குத்தான் காற்புள்ளி. ஆகவே 50.000 என்றால் ஐம்பதாயிரம். 1,00,000 தாள் சிவப்பு, 10,000 தாள் ஊதா. மங்கிய விளக்கில் இரண்டும் ஒன்று போல இருக்கும்.

பல ஏடிஎம்களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகுதான் வரும். பணத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவதால் கார்டு போவதுதான் அதிகம். வங்கிக் கட்டிடத்துக்குள் இருக்கும் இயந்திரத்தையே பயன்படுத்துங்கள். பணம் மாற்றும் கடையில் அதிக விலை எழுதிய பலகையைப் பார்த்தால் விலகிப் போங்கள். கண் முன்னே எண்ணிக் காட்டிவிட்டு, கடைசியாக ஒருமுறை அடுக்கித் தருவது போல வாங்கி, மேசைக்குக் கீழே சில தாள்களை நழுவ விடுவது அங்கே பழைய வித்தை. நீங்கள் எண்ணி முடித்த கட்டு மறுபடி அவர் கைக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம்.

வீடு

மாத வாடகைக்குக் கிடைக்கும் அறையை 'கோஸ்' என்பார்கள். வீட்டுக்கு வருடக் குத்தகை 'கொந்த்ராக்', முழு வருடப் பணமும் முன்கூட்டியே கைமாறும். ஆகவே ஆன்லைனில் படம் பார்த்து வருடப் பணம் அனுப்புவது என்ற பேச்சே வேண்டாம். ஒரு மாதம் அதே பகுதியில் கோஸ் எடுத்துத் தங்கி, பிறகு தேடுங்கள். பார்க்கும்போது பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை போய் நில்லுங்கள். விடியலில் சேவல், மாலையில் பக்கத்து மனையில் குப்பை எரிக்கும் புகை, எதிரே காலி வயல் இருந்தால் ஆறு மாதத்தில் அது கட்டுமான இடம் ஆகலாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு பார்க்கிறவர்கள் நீச்சல் குளத்தைப் பார்க்கிறார்கள், மீட்டரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அரசு மின் நிறுவனமான பிஎல்என் ஓர் உச்ச அளவு வைத்திருக்கும்: 1300, 2200, 3500, 5500 வோல்ட்-ஆம்பியர் என்று. 2200 என்றால் பிரேக்கர் 10 ஆம்பியர்தான். ஒரு பிகே (குதிரைத்திறன்) ஏசி ஏறக்குறைய 800 வாட் எடுக்கும். இரண்டு அறையில் ஏசி ஓட, மேல்தொட்டி மோட்டார் அந்த நேரம் தானாகத் தொடங்கினால் பிரேக்கர் விழும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 2000 வாட் கெட்டிலோ முடி உலர்த்தியோ இருந்தால், ஓர் ஏசி ஓடும்போது அதைப் போட்டாலே போதும். கடைகளில் குறைந்த வாட் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் விற்பது இதற்காகத்தான். இரண்டு ஏசி உள்ள வீட்டுக்கு 3500 இருக்கிறதா என்று மீட்டருக்குக் கீழே இருக்கும் பிரேக்கரைப் பாருங்கள், 16 ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும்.

பெரும்பாலும் முன்பணம் கட்டும் மீட்டர்தான் இருக்கும். மினி மார்ட்டிலோ கைபேசிச் செயலியிலோ மீட்டர் எண்ணைக் கொடுத்துக் காசு கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும். அதுதான் டோக்கன். மீட்டரின் பொத்தான்களில் அதை அடித்து உறுதி செய்தால் யூனிட் ஏறும். 1300, 2200 வீடுகளுக்கு யூனிட் 1,444.70 ரூபியா, 3500க்கும் அதற்கு மேலும் 1,699.53. தெருவிளக்கு வரியும் பிடிப்பதால், 2200 வீட்டில் ஒரு லட்சம் ரூபியாவுக்கு அறுபதுக்குச் சற்று மேல் யூனிட் கிடைக்கும். மிச்சம் குறைந்ததும் மீட்டர் கீச்சிடத் தொடங்கும், விடாது. அது பழுது அல்ல, பசி. குடிபுகும் நாளிலேயே மீட்டர் எண்ணைப் படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள். கரண்ட் போன இருட்டில், மழையில், மதில் மேலிருக்கும் மீட்டருக்கு டார்ச் அடித்து எண் படிப்பது கஷ்டம். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: வாடகைக்குள் மின்சாரம் வருமா, வந்தால் எத்தனை யூனிட் வரை?

கரண்ட் நின்றால் மோட்டாரும் நிற்கும், தண்ணீரும் நிற்கும். 2025 மே 2 அன்று தீவு முழுக்க இருண்டது. குளியலறையில் ஒரு பெரிய வாளி எப்போதும் நிரம்பியே இருக்கட்டும். யாரும் குழாயைத் திறக்காதபோதும் மோட்டார் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக உறுமி நின்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள், உங்கள் டோக்கன் அதில்தான் கரைகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியின் வால்வாக இருக்கும்.

குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது. 19 லிட்டர் கேன் வாங்கிப் பழகுங்கள், 'காலோன்' என்று கேட்க வேண்டும். முதல் முறை கேனுக்கும் சேர்த்துக் காசு, பிறகு காலிக் கேனைக் கொடுத்து மாற்றுவது. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ் சிலிண்டரில் பச்சை நிறத்து 3 கிலோ மானிய சிலிண்டர், அதன் மேலேயே ஏழைகளுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். மலிவாக இருக்கிறதென்று அதை எடுக்காதீர்கள், தட்டுப்பாடு வரும்போது வருத்தப்படுவது பக்கத்து வாருங் சாப்பாட்டுக் கடைக்கார அம்மாதான். 5.5 கிலோ இளஞ்சிவப்பு சிலிண்டர் இருவர் சமைக்கப் போதும். மாட்டும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் பதறாதீர்கள்: சிலிண்டரின் வாயில் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்க வேண்டும், அது தேய்ந்தோ காணாமலோ போயிருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, கதவு ஜன்னல் திறந்து, விளக்கு சுவிட்சைத் தொடாமல், புது வளையம் போட்டு மறுபடி மாட்டுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், அதனால் கதவைத் திறப்பது ஜன்னலைவிட முக்கியம். இரண்டு மூன்று வளையம் டப்பாவில் இருக்கட்டும். கேஸ் போடும் பையனே கேட்டால் தருவான்.

நவம்பர் முதல் மார்ச் வரை மழை. அந்த மாதங்களில் தோல் செருப்பு, பெல்ட், பை எல்லாம் பூசணம் பிடிக்கும். கேமரா லென்ஸை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஈரம் குடித்த பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். சுவரோரம் சொட்டத் தொடங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

நிலம் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சின்னது. 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. உள்ளூர்க்காரர் ஒருவரின் பேரில் வாங்கி, தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வாருங்கள். அந்த ஏற்பாடு அதே சட்டத்தின்படி செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும். குத்தகைதான் வழி. அதிலும் ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும், பக்கத்தில் உங்களுக்குப் புரியும் மொழி இருக்கலாம். கையெழுத்துப் போடுகிறவர்தான் பத்திரத்தில் இருக்கும் உரிமையாளரா என்று நோட்டரி மூலம் பார்த்துக்கொள்ளுங்கள். தனி வீட்டில் தங்கினால் வெளிநாட்டுக்காரர் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் குடிநுழைவுத் துறைக்குப் பதிவு செய்ய வேண்டும். செய்தாரா என்று ஒருமுறை கேட்டு வையுங்கள்.

ஸ்கூட்டர்

ஸ்கூட்டர் இல்லாமல் தென்பாலியில் அன்றாடம் ஓடாது. ஆனால் வாடகைக்குக் கொடுக்கிறவர் லைசென்ஸ் கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று ஆகாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதில் இருசக்கர வண்டிக்கான கட்டத்தில் முத்திரை இருக்க வேண்டும். கார் மட்டும் ஓட்டும் அனுமதியோடு ஸ்கூட்டரில் விழுந்தால் பயணக் காப்பீடு ஒரு காசு தராது. எலும்பு முறிவு அறுவைக்குக் கைக்காசு போடுகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் முத்திரை இல்லாதவர்கள்தான். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 10 லட்சம் ரூபியா வரை அபராதம் அல்லது நான்கு மாதம் வரை சிறை, ஹெல்மெட் இல்லாவிட்டால் 2.5 லட்சம் வரை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

எடுக்கும்போது இருக்கைக்குக் கீழே எஸ்டிஎன்கே என்ற பதிவுத் தாள் இருக்கிறதா, அதில் உள்ள எண்ணும் பலகை எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பலகையின் அடியில் மாதமும் வருடமும் இருக்கும், அது கடந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். டயரின் நடுப்பகுதி மொழுமொழுவென்று இருந்தால் மழைக்காலத்தில் வேண்டாம். கீறல்களைச் சுற்றிலும் வீடியோ எடுத்து, எடுத்த அன்றே வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால் திருப்பும் நாளில் வாக்குவாதம் இல்லை. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

இடது பக்கமாகவே இறங்குங்கள். சைலன்சர் வலது பக்கம். வலது கெண்டைக்காலில் வட்டமாகத் தீக்காயத்தோடு திரிகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் சாலை மிக வழுக்கும், தூசியும் எண்ணெயும் அப்போது மிதக்கும். ஒரு டீக்கடை ஓரம் நின்றுவிடுவது உத்தமம். மழைக்கோட்டில் போர்வை போன்ற மாதிரி மலிவு, ஆனால் அதன் முனை பின்சக்கரத்தில் சிக்கும். சட்டையும் கால்சட்டையுமாக வரும் மாதிரியை வாங்குங்கள். சாங்குவில் பெராவா பக்கத்துக் குறுக்குப் பாதை வயலுக்கு நடுவே ஒரு கார் அகலம்தான், கரையில் தடுப்பு இல்லாத இடத்தில் வண்டிகள் வயலில் இறங்குவது வாடிக்கை. அங்கே எதிரே கார் வந்தால் நிறுத்திக் காலூன்றிவிடுங்கள், ஓரமாக ஓட்டிச் சமாளிக்க வேண்டாம்.

ஊர்வலம் எதிர்ப்பட்டால் எஞ்சினை நிறுத்திக் காத்திருங்கள். கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டியவர்கள் பெச்சாலாங், ஊர்க்காவலர்கள். அவர்கள் கை காட்டியதுதான் சிக்னல். ஹார்ன் அடிக்காதீர்கள்.

நாய் கடித்தால்

2008 வரை பாலியில் ரேபிஸ் இல்லை. அந்த வருடம் நுழைந்தது, இன்றுவரை போகவில்லை. தெரு நாய், வளர்ப்பு நாய், குரங்கு, எது கடித்தாலும் பிராண்டினாலும் செய்ய வேண்டியது ஒன்றே. உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்து போலத் தெரியும். பிறகு அயோடின். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் கூடாது. அன்றைக்கே அரசு சுகாதார நிலையமான 'புஸ்கெஸ்மாஸ்' போய்த் தடுப்பூசி போட வேண்டும். இந்தோனேசியாவில் வழக்கமான முறை: முதல் நாள் இரண்டு கையிலும் ஒவ்வொன்று, 7ஆம் நாள் ஒன்று, 21ஆம் நாள் ஒன்று.

ஆழமான கடி, அல்லது முகம், கழுத்து, விரல் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அதுதான் தட்டுப்பாடு, விலையும் அதிகம். மருத்துவமனைக்கு வண்டி ஏறும் முன் இருப்பு இருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். கிளம்பும் முன்பே ஊரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி முன்தடுப்பாகப் போட்டு வந்தவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. கடிபட்ட பின் இரண்டு ஊசி மட்டும் போதும். மாதக்கணக்கில் இருக்கப் போகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு வருகிறவர்கள், வேறு எதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள். நாய் பிராண்டினால் குழந்தை பெரும்பாலும் சொல்லாது. அறிகுறி வந்த பிறகு ரேபிஸுக்கு மருந்து கிடையாது.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். தெருவில் புகை அடித்துவிட்டுப் போனால் பறக்கும் கொசுதான் சாகும், புழு சாகாது. பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, காலோன் தாங்கியின் அடித்தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேயுங்கள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இரத்தக்கசிவைக் கூட்டும். நோயின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது வயிற்றுவலி, விடாத வாந்தி இருந்தால் அதுதான் ஆபத்தான கட்டம், குணமாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

பெயர் தெரியாத பாட்டிலில் வரும் அராக் என்ற உள்ளூர்ச் சாராயத்தைத் தொடாதீர்கள். 2009இல் மெத்தனால் கலந்த அராக் குடித்து உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் இறந்தார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சாயூர்' என்றால் காய், ஆனால் அதன் மேல் போடும் சம்பலில் துராசி என்ற இறால் விழுது இருக்கும். காய்கறிச் சூப்பின் அடியில் கோழிச்சாறு இருக்கும். "சைவம்" என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். ஆகவே வேண்டாததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தன்பா துராசி, தன்பா ஈகான், தன்பா தெலோர், அதாவது இறால் விழுது, மீன், முட்டை இல்லாமல். சோயாவில் செய்யும் தெம்பேயும் தாஹுவும் எந்த வாருங்கிலும் கிடைக்கும், புரதத்துக்குக் குறைவில்லை. லாவார் என்ற பொரியல் போன்ற பண்டம் தேங்காயும் பீன்ஸுமாகப் பார்க்க நம் வீட்டுப் பொரியல் போலவே இருக்கும். அதில் இறைச்சியும் சில வேளை இரத்தமும் சேரும், கேட்காமல் எடுக்காதீர்கள்.

பஞ்சார்

நீங்கள் வாடகைக்கு எடுத்தது ஒரு வீட்டை, ஆனால் குடியேறியது ஒரு பஞ்சாருக்குள். பஞ்சார் என்பது ஊர்க்கூட்டமைப்பு. கோயில் திருவிழா, சாவு, குப்பை, காவல், தகராறு எல்லாம் அதன் பொறுப்பு. முதல் வாரத்தில் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பஞ்சார் தலைவரைப் பார்த்து வாருங்கள். மாதச் சந்தா கேட்பார்கள், கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் குழாய் உடைந்தாலோ பாம்பு வந்தாலோ ஓடி வருவது அவர்கள்தான்.

வயதில் மூத்த ஆண்களைப் 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் அழையுங்கள். ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர் என்றால் பாலி மொழியில் 'ப்ளி', 'ம்போக்'. நம் அண்ணன், அக்கா போல. பிறந்த வரிசைப்படி வாயான், மாடே, ஞோமான், கெதுட் என்று பெயர் வைப்பதால் ஒரே தெருவில் ஐந்து வாயான் இருப்பார்கள். கைபேசியில் "வாயான் மோட்டார்", "வாயான் தண்ணீர்" என்று தொழிலோடு சேமியுங்கள்.

காலையில் வீட்டுக்காரக் குடும்பத்தார் பூவும் ஊதுபத்தியும் வைத்த ஓலைத் தட்டோடு உங்கள் முற்றத்துக்குள் வருவார்கள். அனுமதி கேட்டு மணி அடிக்க மாட்டார்கள், அது அவர்கள் வீட்டுச் சாமிக்கு வைக்கும் படையல். தரையில் இருக்கும் தட்டைத் தாண்டவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. நாமும் இந்துக்கள்தானே என்று நம் ஆட்கள் கோயிலில் உரிமையோடு உள்மண்டபம் வரை போய்விடுகிறார்கள். அங்கே உள்முற்றம் கும்பிட வருகிறவர்களுக்கு, அதற்கான உடையில் வருகிறவர்களுக்கு. சாரோங்கும் இடுப்புத் துணியும் கட்டாயம். மாதவிலக்கு, இரத்தம் வரும் காயம் இருந்தால் வெளியிலேயே நிற்பது முறை. பூசாரியை விட உயரமான இடத்தில் ஏறிப் படம் எடுப்பது பெரிய அவமதிப்பு. 210 நாளுக்கு ஒருமுறை கலுங்கான் பண்டிகையும் பத்து நாள் கழித்துக் குனிங்கான் பண்டிகையும் வரும். அந்த நாட்களில் சலவைக்காரர், மெக்கானிக், கொத்தனார் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். வாயைத் திறந்து குறை சொல்லாமல் முன்கூட்டியே வேலையை முடித்துக்கொள்வதுதான் வழி.

ஞெப்பி நாள் தனி. பாலியின் சக ஆண்டுப் பிறப்பு அது. 2026இல் அதன் நாள் மார்ச் 19. காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை தீ இல்லை, வேலை இல்லை, வெளியே நடமாட்டம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையமும் துறைமுகமும் மூடிவிடும். 2018 முதல் கைபேசி இணையமும் நிற்கிறது. வெளிநாட்டுக்காரருக்கு விலக்கு கிடையாது, கடற்கரையில் கால் நனைக்கக்கூட முடியாது. மருத்துவ அவசரம் என்றால் மட்டும் பெச்சாலாங்கிடம் சொன்னால் வழி செய்து கொடுப்பார்கள். அதனால் கர்ப்பிணியோ வயதானவரோ வீட்டில் இருந்தால் முந்தின வாரமே பஞ்சாரில் சொல்லி வையுங்கள்.

தயாரிப்பு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். முந்தின நாள் மாலை பூத உருவங்களின் ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைப்பார்கள், கடைகள் மதியத்திலேயே மூடத் தொடங்கும். ஏடிஎம்மில் காசு தீர்ந்துவிடும். டோக்கன் போட்டு வையுங்கள், காலோன் இரண்டு, கேஸ் பாதிக்கு மேல் இருக்கட்டும். இரவு வெளியே வெளிச்சம் தெரியாதபடி ஜன்னலுக்குக் கனத்த துணி. மேல்தொட்டி மோட்டார் சத்தம் தெருவுக்குக் கேட்கும், முதல் நாள் இரவே நிரப்பிவிட்டு நிறுத்திவிடுங்கள். தானாக எரியும் தோட்ட விளக்கின் சுவிட்ச் எங்கே என்று வீட்டுக்காரரிடம் பகலிலேயே கேட்டு அணையுங்கள், பெச்சாலாங் கதவைத் தட்டுவது பெரும்பாலும் அந்த விளக்குக்காகத்தான். பால், ரொட்டி வாங்கும்போது மறுநாள் காலைக்கும் சேர்த்து வாங்குங்கள். 6 மணிக்குக் கதவு திறக்கும், கடைகள் அப்படி உடனே திறந்துவிடாது.